வண்டி பாக்கப் போற மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. அந்த ஓரத்துல வேண்டாம், எறும்பு ஊருது. பழைய பிக்கப்பு ஒண்ணு பாத்திருக்கறே, வாங்கறதா வேண்டாமான்னு மாமன ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னு ஊட்ல சொல்லிட்டு வந்தியாமா. கேக்க நெம்ப சந்தோசம். ஆனா நேத்துப் பொழுதோட நீ ஸ்டிக்கர் கடையில நின்னு, பின் கதவுல குலசாமி பேரு பெருசா எழுதறதா, கொழந்தை பேரு பெருசா எழுதறதான்னு வெல விசாரிச்சதும் என்ற காதுக்கு வந்துருச்சு. வண்டிக்குப் பின்னாடி என்ன எழுதறதுன்னு முடிவு பண்ணிப்போட்டு, முன்னாடி என்ன இருக்குதுன்னு கேக்க வந்திருக்கறே. பரவால்ல, கேளு. டிவிக்காரன் பேசறத நாள் பூரா நான் கேக்கறேன். நான் பேசறதக் கேக்கத்தான் ஆளே வர்றதில்ல.

போனைக் காமி. ம். வெள்ளை பொலிரோ பிக்கப்பு. மஞ்ச போர்டு. 2014 மாடல். மூணாவது ஓனரு. போட்டோவுல மட்டும் வண்டி நல்லாக் குளிச்சிருக்குது. மீட்டர்ல 2,40,000 கிலோமீட்டர். எச்சா ஓடியிருக்குதே மாமான்னு நீ பயப்படறே. நானும் பயப்படறேன் கண்ணு. என்ற பயம் வேற. கம்மியா ஓடியிருக்குதேன்னு பயப்படறேன்.

எப்படின்னு கேளு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து பாலக்காட்டுக்குக் காய் ஓட்டின வண்டின்னு புரோக்கரே பெருமையாச் சொல்லியிருக்கறான். நல்லது. லோடு ஏத்திக் கெளம்பினா பழனி, உடுமலை, பொள்ளாச்சி தாண்டித்தான் பாலக்காடு. போக வர 250 கிலோமீட்டருக்குக் கொறையாது. தர்மத்துக்கு 200-ன்னே வெச்சுக்குவோம். வருசத்துக்கு 300 நாள் ஓடினா 60,000. பத்து வருசத்துக்கு ஆறு லச்சம். மீட்டர் 2,40,000-ன்னு சொல்லுது. மீதி 3,60,000 கிலோமீட்டர் எங்க மாப்ள? காயோட சேத்துப் பாலக்காட்டுலயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டானா?

அந்தக் காலத்துல கேபிளைக் கழட்டி உட்டுட்டு ஓட்டுவாங்க. அதுக்குக் குனியோணும், நட்டு திருப்போணும், கையில கிரீஸ் ஆகும். பொய்க்கும் கொஞ்சம் ஒடம்பு நோகும். இப்ப லேப்டாப்பைச் சொருகினா டீ ஆர்றதுக்குள்ள லச்சம் கொறையுது. எனக்கும் அப்படி ஒரு இருவது வருசம் கொறைச்சுத் தர்றியாடான்னு கேக்கலாம்னு பாக்கறேன், மாமி சம்மதிக்க மாட்டேங்கறா.

அதனால மீட்டரை உட்டுட்டு வண்டியப் பாரு. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில எங்கப்பன் காளை வாங்கறப்ப, விக்கறவன் சொல்ற வயச ஒரு காதுல வாங்கி மறு காதுல உட்டுட்டு, வாயப் பொளந்து பல்லத்தான் பாப்பாரு. வண்டிக்குப் பல்லு கிளட்ச்சு பெடல்ல இருக்குது. டிரைவர் காலு அன்னாடும் அதுலதான். ரப்பர் தேஞ்சு, ஒரு பக்கம் இரும்பே பளபளன்னு தெரிஞ்சா அந்த வண்டி லச்சக்கணக்குல ஓடியிருக்குது. ரப்பர் புத்தம் புதுசா இருந்தா இன்னும் உசாரா இரு. பன்னெண்டு வருச வண்டிக்குப் புது ரப்பர் எதுக்கு மாட்டினான்? நூறு ரூவா செலவு பண்ணி எதையோ மறைச்சிருக்கறான். ஸ்டீரிங்கைத் தடவிப் பாரு. மேல் பக்கம் சொரசொரப்பு போயி வழுவழுன்னு இருக்கும், கவர் போட்டிருந்தா கழட்டச் சொல்லு. டிரைவர் சீட்டு பஞ்சு கதவுப் பக்கமா அமுங்கியிருக்குதா பாரு. ஏறி எறங்கி ஏறி எறங்கி அந்த ஓரம்தான் மொதல்ல சாகும்.

டயரையும் பாரு. பட்டன் இருக்குதான்னு மட்டும் பாத்துட்டு வந்துராதே. டயரோட பக்கவாட்டுல சின்னதா ஒரு வட்டத்துக்குள்ள நாலு நம்பர் அச்சடிச்சிருப்பான். 2319-ன்னு இருந்தா 2019-ஆவது வருசம் 23-ஆவது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். நாலு டயரும் நாலு வருசத்துல பொறந்திருந்தா, பஞ்சர் ஆனா மட்டும் காசு எடுக்கற ஓனருகிட்ட வண்டி இருந்திருக்குது. ஸ்டெப்னியையும் கழட்டச் சொல்லிப் பாரு. "அது எதுக்குங்க"ன்னு அவன் கேட்டான்னா, அதுதான் பாக்க வேண்டிய எடம்.

இதெல்லாம் சொல்றதால எச்சா ஓடின வண்டி ஆகாதுன்னு நெனச்சுக்காதே. நானே பெட்ஃபோர்டு லாரியில கிளீனரா ஏறி, டிரைவராகி, அப்பறம் மண்டியில உக்காந்தவன். மூணு லச்சம் கிலோமீட்டர் நேரான ரோட்டுல, டாப் கியர்ல, ஒரே டிரைவர் கையில, நேரத்துக்கு ஆயில் மாத்தி ஓடின வண்டிய நான் கண்ண மூடிட்டு வாங்குவேன். டவுனுக்குள்ள மளிகைக் கடை மளிகைக் கடையா நின்னு நின்னு, பஸ்ட்டு செகண்டுலயே ஒரு லச்சம் ஓடின வண்டி இருக்குது பாரு, அதைச் சும்மா குடுத்தாலும் வேண்டாம். கிளட்ச்சு, பிரேக்கு, கியர்பாக்ஸ் எல்லாம் அதுல மூணு மடங்கு உழைச்சிருக்கும். ஆறு லச்சம் ஓடுச்சுங்கன்னு ஒளிக்காமச் சொல்லி, இன்ஜின் வேலை பாத்த பில்லைக் காட்டறவன் வண்டியில பாதி பயம் போயிரும். ஆறு லச்சத்த 2,40,000 ஆக்கினவன், அந்த இன்ஜின்ல வேற என்னெல்லாம் ஆக்கியிருப்பான்?

சரி, எத்தனை மணிக்குப் பாக்க வரச் சொல்லியிருக்கறான்? பத்தரைக்கா? நீ ஆறு மணிக்கே போய் நில்லு. சொல்லாமப் போ. பத்தரைக்குப் போனா வண்டிய ஏற்கனவே ரெண்டு தாட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடு பண்ணி, கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு நிறுத்தியிருப்பான். போனதும் பானெட்டு மேல கை வெய்யி. சூடா இருந்தா, "ஏனுங், வண்டிக்குக் காய்ச்சலா"ன்னு கேளு. பச்சைத் தண்ணியாட்டக் குளுந்து கெடக்கற இன்ஜினு ஒரே சாவியில புடிக்கோணும். புடிச்சதும் சைலன்சருக்குப் பின்னாடி போய் நில்லு. கருப்புப் பொகை வந்தா டீசல் சரியா எரியல. பில்டரோ இன்ஜெக்டரோ, காசோட போற வேலை. நீலமா வந்துட்டே இருந்தா ஆயில் எரியுது. அது நகையோட போற வேலை. இன்ஜின் சூடான பொறகும் வெள்ளைப் பொகை நிக்கலைன்னா தண்ணி உள்ள போகுதுன்னு சந்தேகப்படு.

இன்ஜின் ஓடிட்டு இருக்கறப்பவே ஆயில் ஊத்தற மூடியத் தொறக்கச் சொல்லு. லேசா ஆவி வர்றது சகஜம். புசுபுசுன்னு மூடியத் தள்ளிட்டுப் பொகை வந்தா, ரிங்கும் போரும் தேஞ்சு கெடக்குது. மூடிக்கு அடியில மோராட்டம் வெள்ளையாப் படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். "நேத்துத்தானுங் சர்வீஸ் உட்டோம்"னு சொல்லுவான். சர்வீஸ் உட்டது நெசம்தான். என்ன இருந்ததுன்னு நீ பாக்கக் கூடாதுன்னுதான் உட்டிருக்கறான். இன்ஜினப் பளபளன்னு கழுவி வெச்சிருந்தா மெச்சிட்டு வந்துராதே. வேலை செய்யற இன்ஜின் கொஞ்சம் தூசியாத்தான் இருக்கும். கழுவினா ஆயில் எங்க ஒழுகுதுன்னு தெரியாது.

இனி அடியில. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் படு. பேண்ட்டு போட்டுட்டுப் போனா நீ படுக்க மாட்டே, அழுக்காயிரும்னு குனிஞ்சு பாத்துட்டு "நல்லாருக்குது மாமா"ன்னு வந்துருவே. பின்னாடி ஸ்பிரிங் பட்டைய எண்ணிப் பாரு. கம்பெனிக்காரன் போட்டதுக்கு மேல ஒண்ணோ ரெண்டோ புதுசாச் சேந்திருந்தா, ஆர்.சி. புக்குல எழுதியிருக்கற எடைய மீறிச் சொமந்த வண்டி அது. ஒண்ணேகால் டன்னு எழுதியிருக்கற வண்டியில ரெண்டரை டன்னு ஏத்தறது மார்க்கெட்டுல அதிசயமே இல்ல. புடிச்சா 20,000 ரூவா தண்டம், மேல ஏத்தின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000-ன்னு 2019-லயே சட்டத்தைத் திருத்திட்டாங்க. அப்படியும் ஏத்தறாங்க. ஏத்தினவன் தப்பிச்சுக்குவான். சேஸ் தப்பிக்காது. பட்டை மாட்டற பிராக்கெட்டுப் பக்கம் சேஸ்ல வெல்டிங் பத்து வெச்சிருக்குதா, விரிசல் மேல பெயிண்டு அடிச்சிருக்குதான்னு டார்ச்சு அடிச்சுப் பாரு. வேற எங்க ஒடைஞ்சாலும் மாத்தலாம். அங்க ஒடைஞ்சா வண்டியத்தான் மாத்தோணும்.

என்ன சொமந்ததுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஆரையும் கேக்க வேண்டியதில்ல, மோந்து பாத்தாப் போதும். காய் ஓட்டின வண்டியில அழுகின தக்காளி வாசம் இருக்கும், தப்பில்ல. மீன் வாசம் அடிச்சா, ஐஸ் தண்ணியும் உப்பும் ஒழுகி ஒழுகி தொட்டியோட அடித் தகடும் பிரேக்கு பைப்பும் துருப்புடிச்சிருக்கும். கோழி எரு ஓட்டினதும் அப்படித்தான், இரும்ப அரிச்சுத் தின்னுரும். தொட்டிக்குப் புதுசா ரப்பர் ஷீட்டு விரிச்சு வெச்சிருந்தா அதைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் மறுபேச்சு. வாசமே இல்லாம ஊதுபத்தி மணத்தா அது எல்லாத்தையும் உடக் கெட்டது. சீட்டுக்கு அடியில போற தண்டவாளத்துல மண்ணு படிஞ்சிருக்குதா, போல்டெல்லாம் துருவேறிக் கெடக்குதான்னும் கைய உட்டுப் பாத்துக்கோ. 2015 டிசம்பர்ல மெட்ராஸ் மூழ்குச்சு, 2023 டிசம்பர்ல மெட்ராசும் தூத்துக்குடியும் மூழ்குச்சு. அந்தத் தண்ணியில நின்ன வண்டியெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறே? கழுவித் தொடைச்சு நம்மளாட்ட ஏமாந்தவன் ஊருக்குத்தான் வந்துச்சு.

ஓட்டிப் பாத்தேன் மாமா, நல்லா இழுக்குதுன்னு சொல்லாதே. காலி வண்டிய மாமி கூட இழுப்பா. அரை லோடாவது மூட்டை ஏத்து. பாச்சலூர் ரோட்டுல, பரப்பலாறு அணை தாண்டி மேல ஏத்து. ஹீட்டு முள்ளு மேல போகுதா பாரு. செகண்டு கியர்ல இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச்சு நழுவுது. எறங்கறப்ப கியர் தானா நியூட்ரலுக்கு வந்து விழுந்தா கியர்பாக்ஸ் போச்சு. கண்ணாடிய எறக்கி உட்டுட்டுப் பின்னாடி காது குடு. பாட்டுப் போட்டானா, அதை நிறுத்தச் சொல்லு. பழைய வண்டி விக்கறவன் பாட்டுப் போடறதே பின்னாடி ஆக்சில்ல கிரவுன் ஊளையிடறது கேக்கக் கூடாதுன்னுதான்.

மெக்கானிக்க நீ கூட்டிட்டுப் போ. "நம்ம மெக்கானிக்கு இருக்கறாரு, நல்லவரு"ன்னு புரோக்கரு ஒருத்தனக் கூட்டிட்டு வருவான். நெசமாவே நல்லவருதான், புரோக்கருக்கு.

புக்கு வெவகாரத்தச் சுருக்கமாச் சொல்றேன், நீ கொட்டாவி உடறதுக்குள்ள. சேஸ் நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சில்ல தேய்ச்சு எடுத்து, புக்குல இருக்கற நம்பரோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. பைனான்ஸ் பேரு புக்குல இருந்தா, டியூ முடிஞ்சுருச்சுங்கற வாய்ப் பேச்சு ஆகாது. என்.ஓ.சி.-யும் ஃபார்ம் 35-ம் கையில வரோணும். ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிட்டு அலமாரியில வெக்காதே, 30 நாளைக்குள்ள பேரு மாத்தக் குடுத்தரோணும். இன்சூரன்சையும் 14 நாளைக்குள்ள உன்ற பேருக்கு மாத்து. புக்குல ஆரு பேரு இருக்குதோ அவன்தான் ஓனருன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுது. இது மூணாவது ஓனருன்னு சொல்றானே, புக்குல இருக்கற மூணாவது ஆளு இவன்தானா, இல்ல நடுவுல பேரு மாத்தாம இன்னும் ரெண்டு பேரு ஓட்டினாங்களான்னு கேளு. இ-சலான் பாக்கி எத்தனைன்னு உன்ற போன்லயே பாக்கலாம், நாள் பூரா அதைத்தானே நோண்டிட்டு இருக்கறே. எட்டு வருசம் தாண்டின வண்டி, வருசா வருசம் எஃப்.சி. காட்டோணும். வண்டிக்கு வயசு ஏற ஏற அந்தக் கட்டணமும் தாறுமாறா ஏறும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேலன்னு புக்குல இருந்தா பர்மிட்டும் வேணும். லைசென்ஸ் கவலை மட்டும் உனக்கில்ல. காரு லைசென்ஸ் வெச்சிருக்கறவன் 7,500 கிலோ வரைக்கும் சரக்கு வண்டி ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல கோர்ட்டு சொல்லிருச்சு. பேப்பர்ல படிச்சேன். உன்ன நெனச்சுட்டேதான் படிச்சேன், ரோட்டுல போறவங்களையும் நெனச்சேன்.

இத்தனையும் பாத்து, வண்டி தங்கம்னே வெச்சுக்கோ. எதுக்கு மாப்ள உனக்கு வண்டி?

தக்காளிக்கு. சரி. நடைக்கு 1,200 வாடகை குடுக்கறது வவுறு எரியுது. அதுவும் சரி. மூணு ஏக்கரு, வருசத்துக்கு ரெண்டு போகம். பறிக்கறது ஒண்ணு உட்டு ஒரு நாளு, ரெண்டு மாசம். போகத்துக்கு 30 நடை, வருசத்துக்கு 60. வாடகை 72,000. இதை மிச்சம் பண்ணிரலாம்னுதானே பாக்கறே? அந்தப் பேனாவக் குடு. புரோக்கரு உனக்குச் சொன்ன வெல நாலு லச்சம். நீ அதைக் கடன் வாங்குவே, நூத்துக்குப் பன்னெண்டுன்னு வெய்யி, வட்டியே 48,000. சரக்கு வண்டிக்கு மூணாம் பார்ட்டி இன்சூரன்சு மட்டும் 16,000-த்துக்கு மேல. மார்க்கெட்டுக்குப் போக வர 50 கிலோமீட்டர், லோடுல லிட்டருக்குப் பத்து குடுத்தாலே பெருசு, டீசலு 92 ரூவாய்க்கு மேல. நடைக்கு 460. 60 நடைக்கு 27,600. கூட்டு. 91,600. இன்னும் ஒரு டயரு வாங்கல, ஒரு பட்டை ஒடையல, எஃப்.சி. காட்டல, அசல்ல ஒத்த ரூவா கட்டல. 72,000 மிச்சம் பண்ண 91,600 செலவு பண்றே. இப்பேர்ப்பட்ட சிக்கனத்த நம்ம வம்சத்துலயே நான் பாத்ததில்ல.

2023 ஆடியில நல்லாச் சம்பாரிச்சோமேங்கறியா? அப்ப தக்காளி கிலோ நூறு ரூவாய்க்கு மேல போச்சு. நீ கூலிங்கிளாஸ் வாங்கினது அப்பத்தான். அந்த ஒரு ஆடிய வெச்சு எல்லா வருசத்துக்கும் கணக்குப் போடறே. பறிகூலி கட்டலைன்னு தக்காளியச் செடியோட உட்டு மாடு மேய்ச்ச வருசத்தயும் அந்தப் பேப்பர்ல எழுது. வாடகை வண்டின்னா அன்னிக்கு வர வேண்டாம்னு ஒரு போன்ல சொல்லிரலாம். சொந்த வண்டியோட டியூகாரனுக்குத் தக்காளி வெல தெரியாது, அஞ்சாந்தேதிதான் தெரியும்.

அதனால வாங்காதேன்னு சொல்லல. வாங்கறதா இருந்தா தக்காளிக்காரனா வாங்காதே, வண்டிக்காரனா வாங்கு. உன்ற 60 நடை போக, பாக்கி 300 நாளும் அது ஊரான் சுமையத் தூக்கோணும். பக்கத்துத் தோட்டத்து முருங்கை, எதுத்த தோட்டத்துக் கத்திரி, ஆராச்சும் ஊடு மாத்தினா பீரோ கட்டிலு. நடுராத்திரி எந்திரிச்சு ஸ்டார்ட் பண்ணோணும். ஏழு மணிக்குக் கூப்பிட்டாலே போர்வைக்குள்ள இருந்து "யாரு"ன்னு கேக்கற ஆளு நீ. முடியும்னாச் சொல்லு, நான் நாலு மண்டிக்காரங்ககிட்டப் பேசறேன். முடியாதுன்னா அந்த நாலு லச்சத்துல சொட்டுநீர் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு.

இன்னொரு செலவு இருக்குது, அது எந்தப் பில்லுலயும் வராது. ஒறம்பரை. வண்டி வாங்கின மறுநாளு பெரியம்மா வருவாங்க. "ஏஞ்சாமி, சும்மாதான நிக்குது வண்டி, பேத்தி சீருக்கு அந்தப் பீரோவ மட்டும் கொண்டுபோய் எறக்கீட்டு வந்துரு கண்ணு." பீரோவ மட்டும்தான்னு போனா, கட்டிலு, கிரைண்டரு, வாழைத்தாரு ரெண்டு, மேல சித்தப்பா ஒருத்தரு. டீசலுக்குன்னு ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. வர்றப்ப பலகாரத் தூக்கு ஒண்ணு குடுப்பாங்க. ஒப்பிட்டு நல்லாத்தான் இருக்கும். அதை டேங்குல ஊத்த முடியாது. சித்தாளுக்குக் காசு குடுக்கறவன் அண்ணன் தம்பி வண்டிக்குக் குடுக்க மாட்டான். கேட்டா, "காசு பாக்கறானப்பா"ன்னு மூணு கல்யாணத்துக்குப் பேசுவாங்க.

அதுலயும் நோம்பிக்கு, கெடாவெட்டுக்குன்னு ஆளுங்கள ஏத்தச் சொல்லுவாங்க பாரு, அங்க மட்டும் கல்லாட்ட நில்லு. சரக்கு வண்டி தொட்டியில ஆள ஏத்தி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா இன்சூரன்சுக்காரன் கைய விரிச்சுருவான். அப்ப அந்தப் பெரியம்மா வந்து தோட்டத்த வித்துக் குடுக்கப் போறதில்ல. இதை நான் சிரிச்சுட்டுச் சொல்லல மாப்ள. வாங்கின அன்னைக்கே கண்ணாடியில எழுதி ஒட்டிரு. ஸ்டிக்கர் கடைதான் உனக்குப் பழக்கமாச்சே.

என்ன மூஞ்சி தொங்கிப்போச்சு? நான் வேண்டாம்னே சொல்லலயே. போய்ப் பாருன்னுதான இத்தனை நேரமாச் சொல்றேன். ஆறு மணிக்குப் போ. டார்ச்சு எடுத்துக்கோ. அட்வான்சுன்னு கையில காசு கொண்டுபோகாதே. இருந்தாக் குடுத்துருவே. "இன்னொரு பார்ட்டி பதினோரு மணிக்கு வர்றாருங்"ன்னு புரோக்கரு சொல்லுவான். அந்தப் பார்ட்டி பத்து வருசமாப் பதினோரு மணிக்கு வந்துட்டேதான் இருக்கறாரு.

ஆமா, அந்த வண்டிக்கு இடது பக்கக் கதவு வெளியில இருந்து தொறக்காதில்ல? உள்ள கைய உட்டு, கயித்தப் புடிச்சு இழுத்தாத்தான் தொறக்கும்? கயிறு நீலமா, பச்சையா? நீலந்தான். எனக்கு எப்படித் தெரியும்ங்கறியா? போன மாசம் இதே வாசல்ல வந்து நின்னுச்சு கண்ணு. அதே புரோக்கரு, அதே வண்டி. நான் அடியில படுத்துப் பாத்தேன். பட்டைய எண்ணிட்டேன், மூடியத் தொறந்துட்டேன். இன்ஜின் தேவலாம். பட்டை ஒண்ணு எச்சு. சேஸ்ல பத்து இல்ல. பின்னாடி கிரவுனு ஊளையிடுது, அதுக்கொரு முப்பதாயிரத்தக் கொறைச்சுக்கோணும். மீட்டரு அப்ப 3,10,000 காமிச்சுது. ஒரு மாசத்துல அதுக்கு எளமை திரும்பியிருக்குது பாரு.

எனக்கு என்ன வெல சொன்னான்னா கேக்கறே? அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா நீ அவன் முன்னாடி போய் நின்னதும் மூஞ்சியில எழுதி ஒட்டிக்குவே, அவன் படிச்சுருவான். நீயாப் பேசு. மீட்டர் கதைய எடுத்து உடு, கிரவுன் கதைய எடுத்து உடு, எந்திரிச்சு நாலு எட்டு நட. அவன் கூப்பிடலைன்னா நெசமாவே வந்துரு. பேசி முடிச்ச வெலைய எங்கிட்ட வந்து சொல்லு, அப்ப நான் என்ற வெலையச் சொல்றேன். எனக்குச் சொன்னத உடக் கம்மியா நீ முடிச்சிருந்தா, ஸ்டிக்கர் காசு மாமனோடது. குலசாமி பேரும் போடு, கொழந்தை பேரும் போடு.

ஓட்டிப் பாக்கப் பாச்சலூர் ரோட்டுல மேல போயிருந்தா, வர்ற வழியில அப்படியே நம்ம பழைய தோட்டத்துக்கு வண்டியத் திருப்பு. கொட்டத்துக்கிட்ட எரு குமிஞ்சு கெடக்குது, ரெண்டு நடைதான் வரும், மேல் காட்டுல எறக்கி உட்டுரு. வாடகையா? மாமன்கிட்டயே வாடகை கேப்பியா நீ?